ஆராய்ச்சியும் ஒரு பயிரே
(மாங்குளத்தில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தச் சந்தியிலிருந்து வடக்கே சென்றால் கிளிநொச்சி அறிவியல்நகர். அங்கே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. தெற்கே சென்றால் வவுனியா; அங்கே 2021ஆம் ஆண்டு முதல் தனிப் பல்கலைக்கழகமே இயங்குகிறது. இரண்டுக்கும் நடுவே நாம் வாழ்கிறோம். ஆயினும், நம் வயலில் அறக்கொட்டி விழுந்தால், கிணற்று நீர் உவர்த்தால், ஆராய்ந்து விடை சொல்ல நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கின்றனர்? அவர்களுக்கு அறிவில்லையா? உண்டு. பட்டம் பெறவில்லையா? பெறுகின்றனர். பட்டத்திற்குப் பின்னரே பாதை அடைபடுகிறது.

அறிவு மட்டும் ஒருவரை விஞ்ஞானி ஆக்கிவிடாது. கைகொடுக்கும் மூத்தவர் ஒருவர் வேண்டும். ஆராய்ச்சிக்கு இடந்தரும் வேலை ஒழுங்கும் வேண்டும்.

கணிதமேதை இராமானுஜனை எண்ணிப் பாருங்கள். கல்லூரிப் பரீட்சையில் தவறியவர் அவர். 1912ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபா சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர், கீழ்நிலை எழுத்தரென்று அவரை ஒதுக்கவில்லை. உடனமர்ந்து கணிதம் செய்தார். தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவருக்காகப் பரிந்து பேசினார். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபா உதவி வழங்கியது. கேட்டது மூன்று மாதத்திற்கு ஓர் அறிக்கை மட்டுமே. 1914இல் அவர் கேம்பிரிட்ஜ் சென்றார். 1918இல் ரோயல் சங்கத்தின் உறுப்பினரானார். அவரது மேதை அவருடையதே. அது கோப்புகளுக்கிடையே புதையுண்டு போகாமற் காத்தவர்கள் அந்த மூத்தவர்கள்.

பெண்மக்களின் நிலை இதனினும் கடினம். ஆராய்ச்சியில் வேரூன்றும் வயதும், தாயாகும் வயதும் ஒன்றே அல்லவா?

இங்கிலாந்தின் டொரத்தி ஹொட்ஜ்கின் அம்மையார் 1938இல் தாயானபோது, ஒக்ஸ்போர்ட்டின் சோமர்வில் கல்லூரி சம்பளத்துடன் விடுப்பளித்தது. அக்காலத்தில் அது அரிதினும் அரிது. மூன்று பிள்ளைகளை வளர்த்தார்; மூட்டுவாதத்தால் கைகள் கோணின; ஆராய்ச்சியை விடவில்லை. 1964இல் இரசாயனத்திற்கான நோபல் பரிசு பெற்றார். நீரிழிவு நோயாளர் அறிந்த இன்சுலினை 1934இல் ஆராயத் தொடங்கினார். அதன் அமைப்பு 1969இலேயே துலங்கியது. முப்பத்தைந்து ஆண்டுகள்! அப்பணியில் பங்குகொண்ட இந்திய இளைஞர் எம். விஜயன், பின்னர் பெங்களூரில் அத்துறையை வளர்த்தார். மூத்தவர் ஏற்றிய விளக்கு மற்றொரு நாட்டில் எரிந்தது. 1995இல் அம்மையாரின் பெயரால் ரோயல் சங்கம் இளம் விஞ்ஞானிகளுக்கு ஓர் ஆராய்ச்சி உதவியை ஏற்படுத்தியது. குடும்பப் பொறுப்புள்ளோர் அதனைப் பகுதிநேரமாகவும் ஏற்கலாம்.

கமக்காரப் பெருமக்களே! காலபோகத்திற்கு விதைத்த மறுநாளே அரிவாளோடு வயலுக்குப் போவாருண்டா? ஆராய்ச்சியும் ஒரு பயிரே. ஆண்டுக்காண்டு கட்டுரைக் கணக்கு மட்டும் கேட்டு, பிள்ளை பெற்றவளை இடைநின்றவள் என்று தள்ளுவது, பச்சைப் பயிரை அறுப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. ஆராய்ச்சிப் பதவிகளைப் பகுதிநேரமாகவும் வகிக்க வழி வேண்டும். மகப்பேற்றிற்கும் நோயாளர் பராமரிப்பிற்கும் சென்ற காலம் தவணையிற் கழிக்கப்படாது, நீட்டித் தரப்பட வேண்டும். ஒவ்வோர் இளம் ஆராய்ச்சியாளருக்கும் பரீட்சகராக அன்றி வழிகாட்டியாக நிற்கும் மூத்தவர் ஒருவர் வேண்டும்.

பல்கலைக்கழகங்களை மட்டும் கேட்டால் போதாது. நம் வீடுகளையும் கேட்க வேண்டும். உத்தியோகத்தர்களே, உங்கள் கீழுள்ள இளைஞன் மாலையில் ஆய்வுகூடம் செல்ல அனுமதி கேட்டால் மறுக்காதீர்கள். பெற்றோர்களே, மாமன் மாமியரே, ஆய்வுகூடம் செல்லும் பெண்ணின் குழந்தையை அரைநாள் ஏந்திக்கொள்ளுங்கள். அந்த அரைநாளில் அவள் காணும் விடை, நாளை நம் வயலுக்கே வந்து சேரும்.