கைக்கடங்கிய மோட்டார் வண்டி

பழைய மோட்டார் வண்டி என்ற சொற்களைக் கேட்டதும் பலருடைய மனக்கண்ணில் எழுவது போர்ட் மொடல் 'ரீ' என்னும் வண்டியாகும். அமெரிக்க நாட்டிலே 1908 ஆம் ஆண்டில் வெளிவந்து, 1927 ஆம் ஆண்டு வரை 1 கோடி 50 இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டப்பட்ட வண்டி அது. அவற்றுட் பெரும்பாலானவை துருப்பிடித்தும் உடைந்தும் மறைந்தொழிந்தன. எஞ்சியவை நூதனசாலைகளிலும் ஆர்வலர்களின் கொட்டகைகளிலும் பேணப்படுகின்றன. ஆயினும் வேறொரு வடிவிலே அவ்வண்டி இன்றும் வீடுகளுக்குள் வந்துகொண்டிருக்கிறது. அட்டைப் பெட்டியொன்றினுள்ளே, பிளாஸ்டிக் சட்டங்களிற் காய்த்துத் தொங்குவன போன்ற சின்னஞ்சிறு உறுப்புகளாக அது வருகிறது. அவ்வுறுப்புகளை வெட்டியெடுத்து, அரத்தாளால் மெருகிட்டு, பசையிட்டுப் பொருத்தி, வர்ணம் தீட்டி முடித்தால், உள்ளங்கையில் அடங்கும் வண்டியொன்று உருவாகும்.

இவ்வாறு பொருத்திச் செய்யும் மாதிரித் தொகுதிகள் ஒரே வண்டிக்கே பலவாக விற்பனைக்கு வந்துள்ளன. இவற்றுள் எது சிறந்தது? இவ்வினாவுக்கு அநேகர் அளிக்கும் விடை, எதில் உறுப்புகள் மிகுதியோ அதுவே சிறந்தது என்பதாகும். இன்னுஞ் சிலர், கட்டி முடித்தபின் எது அதிகமாக மினுங்குகிறதோ அதனையே விரும்புவர். இவ்விரு விடைகளும் போதியன அல்ல. ஒரு தொகுதியை மற்றொரு தொகுதியுடன் ஒப்பிடுமுன், இரண்டையும் அசல் வண்டியுடன் ஒப்பிடுதல் வேண்டும். அந்த வண்டி ஏன் அவ்வாறு அமைந்தது என்பதைக் கட்டுபவருடைய கைகளுக்கு உணர்த்துந் தொகுதியே மேலான தொகுதியாகும்.

முதலிற் பெயர்களைத் தெளிவுபடுத்திக் கொள்ளலாம். பிரித்தானிய வழக்கில் 1905 ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வண்டிகள் 'வெற்றறன்' எனப்படும். 1919 தொடக்கம் 1930 வரை கட்டப்பட்டவையே 'வின்ரேஜ்' எனப்படும். இடைப்பட்டவற்றை எட்வேட் மன்னரின் காலத்தோடு சார்த்திப் பெயரிட்டழைப்பர். வின்ரேஜ் என்பது திராட்சை மதுவின் அறுவடை ஆண்டைக் குறிக்க வழங்கிய சொல்லாகும். பொதுமக்கள் பேச்சில் பழைய வண்டிகள் யாவும் அப்பெயர் பெற்றுவிட்டன. எனினும் அச்சொல்லின் உட்பொருளை மறத்தலாகாது. ஆண்டு என்பதே அதன் உயிர். மாதிரி வண்டிகளை ஒப்பிடும்போதும் முதற்கேள்வி, இது எந்த ஆண்டு வண்டி என்பதேயாம்.

இத்தொகுதிகளின் வரலாறு நீண்டதன்று. 1940 களின் இறுதியில் அமெரிக்காவிலே, பென்சில்வேனியா மாநிலத்திலிருந்து, ஹட்சன் மினியேச்சர்ஸ் என்ற நிறுவனத்தார் மரத்தாலான பழைய வண்டித் தொகுதிகளை வெளியிட்டனர். அவற்றைச் செதுக்குவதற்கு ஓரளவு தச்சுப் பழக்கம் தேவைப்பட்டது. 1950 களின் தொடக்கத்திலே கலிபோர்னியாவின் றெவெல் நிறுவனம், பழைய வண்டிகளின் வரிசையொன்றைப் பிளாஸ்டிக்கில் வெளியிட்டது. இலண்டனில் 1939 ஆம் ஆண்டு நிக்கலஸ் கோவ் என்ற ஹங்கேரியர் தொடங்கிய எயர்பிக்ஸ் நிறுவனம், 1949 இல் பேர்கசன் உழவு இயந்திரத்தின் மாதிரியொன்றைச் செய்து, பின்னர் 1950 களில் 1911 ஆம் ஆண்டு றோல்ஸ் றோயிஸ், 1930 ஆம் ஆண்டு பென்ற்லி முதலியவற்றைச் சிறு தொகுதிகளாக்கியது. இத்தாலியில் தூரின் நகரின் பொக்கர் நிறுவனம் 1960 களில் பெரிய மாதிரிகளிற் கை வைத்தது. அதன் றோல்ஸ் றோயிஸ் தொகுதியில் 2000 க்கு மேற்பட்ட உறுப்புகள் இருந்தன. அண்மைக் காலத்திலே, 2010 களில், உக்ரேன் நாட்டின் ஐ.சி.எம். நிறுவனம் மொடல் 'ரீ' வண்டியின் பல வகைகளைப் புதிய அச்சுகளில் வெளியிட்டது.

இனி, அளவின் கணக்கைப் பார்க்கலாம். மாதிரி வண்டிப் பெட்டிகளில் 1/32, 1/24 முதலிய பின்னங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஓர் அடியை அங்குலத்தின் எட்டில் மூன்று பங்காகக் குறைத்தால் 1/32 ஆகும். ஓர் அடியை அரை அங்குலமாக்கினால் 1/24 ஆகும். மொடல் 'ரீ' வண்டியின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைப்பட்ட தூரம் 100 அங்குலம். ஆகவே 1/32 மாதிரியில் அது 3 அங்குலத்துக்குச் சற்று மேலும், 1/24 மாதிரியில் 4 அங்குலத்துக்குச் சற்று மேலும் இருத்தல் வேண்டும். ஓர் அளவுகோல் இருந்தால் இதனை யாரும் சோதித்தறியலாம். நீளத்திலே காணும் இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றினும், கன அளவில் 1/24 மாதிரி மற்றையதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்டது. ஆதலால் இரண்டினுள்ளும் ஒரே அளவு நுட்பத்தை எதிர்பார்த்தல் நீதியாகாது.

எல்லாவற்றையும் ஒரே விகிதத்திற் குறைத்துவிடலாம் என்று எண்ணுதலும் தவறு. அசல் வண்டியின் மட்காட் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புத் தகட்டால் ஆனது. அதனை 24 இல் ஒரு பங்காக்கினால், எழுதுதாளின் தடிப்பில் அரைவாசிக்குங் குறைவாகும். உருக்கிய பிளாஸ்டிக்கை அவ்வளவு மெல்லிதாக அச்சினுட் பாய்ச்ச இயலாது; பாய்ச்சினாலும் கை பட்டதும் முறிந்துவிடும். தொகுதியிலுள்ள மட்காட் 1 மில்லிமீற்றர் தடிப்பாயின், அது அசலில் ஓர் அங்குலத் தடிப்புள்ள இரும்புக்குச் சமமாகும். மாதிரியைக் கண்டவுடன் இது விளையாட்டுப் பொருள் என்று கண்ணுக்குத் தோன்றுவதற்கு இதுவே முதற்காரணம். கைதேர்ந்தவர்கள் மட்காட்டின் உட்புறத்தை விளிம்பருகே மட்டும் அரத்தாளால் தேய்த்து மெலிதாக்குவர். கண் விளிம்பையே பார்ப்பதால், முழுவதும் மெல்லியதென்று மனம் நம்பிவிடும்.

சில்லுகளும் அவ்வாறே. மொடல் 'ரீ' வண்டியின் சில்லுகள் 12 ஆரக்கால்களைக் கொண்ட மரச் சில்லுகள். ஹிக்கரி என்னும் உறுதியான மரத்தாற் செய்யப்பட்டவை. ரயருடன் சேர்த்து அவற்றின் விட்டம் 30 அங்குலம். 1/32 அளவில் அது ஓர் அங்குலத்தினுங் குறைவு. அதற்குள் 12 ஆரக்கால்களையும் இடைவெளிகளையும் தெளிவாக அமைப்பது அச்சுச் செய்பவரின் திறமைக்குச் சோதனையாகும். ஒரு தொகுதியை வாங்குமுன் ஒன்றை மட்டுமே பார்க்க வாய்ப்புண்டாயின், சில்லைப் பார்ப்பது போதும்.

அடுத்தது ஆண்டின் பொருத்தம். மொடல் 'ரீ' 19 ஆண்டுக் காலம் ஒரே பெயரோடு வாழ்ந்தாலும், ஒரே தோற்றத்தோடு வாழவில்லை. 1916 ஆம் ஆண்டு மொடல் வரை அதன் றேடியேற்றர் பித்தளை உறையோடு பளபளத்தது. அதன்பின் கறுப்பு உறை வந்தது. 1914 வரை முன்விளக்குகள் அசெற்றலீன் வாயுவால் எரிந்தன. காபைட்டும் நீரும் சேர்ந்து அவ்வாயுவை உண்டாக்கும் கலமொன்று மிதிபலகையில் நின்றது. 1915 ஆம் ஆண்டு மொடலில் மின்விளக்குகள் வந்தபோது அக்கலத்துக்கு வேலையில்லாமற் போயிற்று. ஆகவே 1911 ஆம் ஆண்டு வண்டியெனப் பெட்டியிற் பொறித்துவிட்டு, மிதிபலகையைக் கலமின்றி வெறுமையாக விட்ட தொகுதி அசலுக்கு உண்மையானதன்று.

வர்ணத்திலும் இத்தகைய பிழை நேர்வதுண்டு. கறுப்பு ஒன்றே மொடல் 'ரீ' வண்டிக்குரிய நிறம் என்பது பொதுநம்பிக்கை. கறுப்பு மட்டுமே பூசப்பட்ட காலம் 1914 தொடக்கம் 1925 வரையே. அதற்கு முன் சிவப்பு, பச்சை, சாம்பல், கருநீலம் ஆகிய நிறங்களிலும் அது ஓடியது. ஆனால் ரயர்களிலோ பிழை எதிர்மாறானது. இன்று கறுப்பாகவுள்ள ரயர் அக்காலத் தொடக்கத்திற் கறுப்பாக இருக்கவில்லை. இறப்பருக்கு உறுதியூட்டும் புகைக்கரி சேர்க்கப்படுமுன், துத்தநாக ஒட்சைட்டுச் சேர்ந்த ரயர்கள் வெண்மையாகவோ வெளிர்சாம்பலாகவோ இருந்தன. தொகுதியோடு வரும் கறுப்பு ரயரை 1911 ஆம் ஆண்டு வண்டிக்கு மாட்டுபவர், வண்டிக்குக் கறுப்புப் பூச வேண்டாத ஆண்டிலே ரயருக்குக் கறுப்பளித்தவராவார்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. அமெரிக்காவிற் கட்டப்பட்ட மொடல் 'ரீ' உல்லாச வண்டிகளில், 1913 தொடக்கம் 1925 வரை, முன்னிருக்கையின் இடப்புறக் கதவு திறக்காத போலிக் கதவு. தகட்டிற் கதவின் கோடு மட்டுமே அழுத்தப்பட்டிருக்கும். ஓட்டுநர் வலப்புறமாக ஏறி இடப்புறம் நகர்ந்து அமர்ந்தார். இதனை அறியாத ஒருவர், தம் தொகுதியில் அக்கதவு திறக்கவில்லையே என்று குறை கூறலாம். அறிந்தவரோ, திறக்காமையே அத்தொகுதியின் நேர்மை என்று பாராட்டுவார். அறிவில்லாத ஒப்பீடு நல்லதைத் தள்ளித் தீயதைக் கொள்ளும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இவை யாவற்றினும் முதன்மையானது வண்டியின் அடிப்புறம். மொடல் 'ரீ' நகரத்துக் கல்வீதிகளுக்காக அமைக்கப்பட்டதன்று. மேடும் பள்ளமும் சேறும் நிறைந்த பண்ணைப் பாதைகளுக்காக அமைக்கப்பட்டது. முன்னச்சின் மேல் ஒன்று, பின்னச்சின் மேல் ஒன்று என, இரண்டே வில்தகடுகள் குறுக்காகப் பொருத்தப்பட்டன. ஒரு சில்லு பள்ளத்தில் இறங்கினாலும் மற்றைய மூன்றும் நிலத்தை விடாதிருக்க, அச்சுகள் சட்டகத்தின் கீழ் சாய்ந்து கொடுத்தன. வண்டியின் உயரமும், மெலிந்த தோற்றமும், அகன்று நிற்கும் நிலையும் இத்தேவையிலிருந்து பிறந்தவையே. அக்குறுக்கு வில்லைத் தனியுறுப்பாக அளித்து, அச்சின் மேல் வைத்துப் பொருத்தச் செய்யும் தொகுதியைக் கட்டுபவர், பக்கம் பக்கமாகப் படித்தும் பெறமுடியாத விளக்கத்தை விரல் நுனியிற் பெறுவார். அடிப்புறம் முழுவதையும் ஒரே தகடாக வார்த்துவிட்டு, மேலே பத்துப் பதினைந்து அலங்கார உறுப்புகளைக் கூட்டிய தொகுதி, எண்ணிக்கையில் வென்று பொருளிலே தோற்றதாகும்.

பெரிய தொகுதிகளின் சிறப்பை இதனால் மறுத்தலாகாது. 2000 உறுப்புகளைப் பொருத்துவதில் வேறொரு கல்வி உண்டு. ஆனால் சிறிய தொகுதிக்கு எதனை விட்டுவிடுவது என்ற பொறுப்பு உண்டு. குறும்பாட்டு எழுதும் புலவன் சொற்களை எண்ணி இடுவது போல, நாற்பது ஐம்பது உறுப்புகளால் ஒரு வண்டியைச் சொல்ல முனைபவர் ஒவ்வோர் உறுப்பையும் நிறுத்து நோக்க வேண்டும்.

கட்டும் முறையைப் பற்றியுஞ் சில சொல்லல் தகும். பிளாஸ்டிக்குக்கு உரிய பசை, மரப்பசை போல நடுவே நின்று இரண்டையும் பிடிப்பதன்று. அது இரு முகங்களையும் சற்றுக் கரைத்து ஒன்றாக்குகிறது. ஆகையால் வர்ணமோ உலோகப் பூச்சோ உள்ள இடத்தில் அது பற்றாது. பொருத்தும் முகத்திலுள்ள பூச்சைச் சுரண்டிய பின்னரே பசையிடல் வேண்டும். பல தொகுதிகளில் விளக்குகளும் றேடியேற்றர் உறையும் வெள்ளி போன்ற பூச்சோடு வருகின்றன. பித்தளைக் காலத்து வண்டிக்கு அது பொருந்தாது. அதனை நீக்கிப் பித்தளை வர்ணம் பூசுதல் நன்று. பசையிடுமுன் உறுப்புகளை ஒருமுறை பசையின்றியே பொருத்திப் பார்ப்பதும், நான்கு சில்லுகளும் சமதளத்திற் படிகின்றனவா எனக் கண்ணாடித் தட்டின் மேல் வைத்துச் சோதிப்பதும், பின்னர் வருந்தாதிருக்க வழியாகும்.

ஒரு தொகுதியின் பிழை ஒருவருடைய பிழையாக நின்றுவிடுவதில்லை. உருக்கு அச்சிலே ஒருமுறை வெட்டிய தவறு, அவ்வச்சு உழைக்கும் பல பத்தாண்டுகளும் பெட்டி பெட்டியாக வெளிவரும். அசல் வண்டியை ஒருபோதுங் காணாத சிறுவர்கள் அதனையே உண்மையெனக் கொள்வர். நூதனசாலையிலுள்ள வண்டிகளிற்கூட, திருத்தியவர்கள் பிந்திய ஆண்டின் உறுப்புகளை மாட்டியிருத்தல் கூடும். ஆதலால் அக்காலப் புகைப்படங்களையும் தயாரித்தோரின் குறிப்பேடுகளையும் பார்த்தபின் கட்டுபவர், விளையாட்டாகத் தொடங்கினும், வரலாற்றைப் பேணுஞ் செயலிற் பங்குகொள்கிறார்.

போர்ட் நிறுவனத்தார் 1913 ஆம் ஆண்டில் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் பொருத்துவரிசையை அமைத்தனர். அதுவரை ஒரு வண்டியின் சட்டகத்தைப் பொருத்துவதற்கு ஏறத்தாழ 12½ மணி நேரம் சென்றது. 1914 இல் அது 93 நிமிடமாகக் குறைந்தது. அங்கு நின்ற தொழிலாளி ஒவ்வொருவரும் ஓருறுப்பை மட்டுமே மாட்டினர். முழு வண்டியையுங் கட்டும் வாய்ப்பு அவர்களுக்கில்லை. அதே வண்டியை இன்று மேசை விளக்கின் கீழே, மாலை தோறும் சிறிது சிறிதாக, வாரக்கணக்கிற் கட்டுகிறார் ஒருவர். சில்லு முதற் கூரை வரை ஒவ்வோர் உறுப்பும் அவர் கைவழியே செல்கிறது. தொழிற்சாலை நேரத்தைச் சேமித்தது. இவரோ நேரத்தைச் செலவிட்டு, அவ்வண்டி ஏன் அப்படி நின்றது என்பதை அறிகிறார். அவ்வறிவை அளிப்பது எந்தப் பெட்டியோ, அதுவே விலை கொடுத்து வாங்கத் தக்க பெட்டியாகும்.