கடலுக்குள் இருக்கும் கரை

(மன்னார் வளைகுடாக் கரையோரப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)

 

கடலோரப் பஞ்சாயத்துகளிலிருந்து நமது அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை ஒன்றையே கேட்கின்றன. தூண்டில் வளைவு வேண்டும் என்பதே அக்கோரிக்கை. கடல் ஊரை நோக்கி வருகிறது; முன்பு படகை இழுத்து நிறுத்திய மணல் இப்பொழுது இல்லை; கரையோரத் தென்னைகள் சாய்ந்துவிட்டன; குடிதண்ணீர்க் கிணறு உவர்த்துவிட்டது என்று எழுதுகிறீர்கள். இவற்றில் எதுவும் மிகையன்று. நேரில் வந்து பார்த்தே சொல்லுகிறோம். ஆயினும், கல்லைக் கொட்டிக் கரை கட்டுவதற்கு முன்னால், இக்கடலுக்குள் ஏற்கெனவே ஒரு கரை இருந்ததையும், அது உடைந்த விதத்தையும், எஞ்சியிருப்பதைக் காக்கும் வழியையும் இன்று உங்களோடு பேச எண்ணுகிறோம்.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில் கரையை அடுத்தாற்போல் 21 தீவுகள் இருந்தன என்பதை நீங்கள் அறிவீர்கள். அவற்றைச் சூழ்ந்திருப்பவை பவளப்பாறைகள். மீனவர்கள் அதைப் ‘பார்’ என்பார்கள். அது வெறும் கல்லன்று. சில மில்லிமீட்டர் அளவேயுள்ள உயிர்கள் கூட்டங்கூட்டமாக வாழ்ந்து, கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துத் தமக்கென்று கட்டிக்கொள்ளும் வீடு அது. கொம்புபோல் கிளைக்கும் சாதிகள் விரைவாக வளரும். பெரும் உருண்டைகளாக வளருபவையோ ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டரே உயரும். ஒரு முழம் உயர்வதற்கு நாற்பது ஐம்பது ஆண்டுகள் செல்லும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடப்பாறையால் பெயர்ப்பதற்கு அரை நாழிகை போதும்.

இந்தப் பார் செய்யும் வேலை என்ன? ஏரிக்கு அலைகல் பதிக்கிறோம் அல்லவா? அதே வேலைதான். ஆழ்கடலிலிருந்து வரும் அலை பாரில் மோதி உடைந்து, பலமிழந்துதான் கரைக்கு வருகிறது. உலகின் பல கடல்களில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளிவந்த ஒரு கணிப்பின்படி, நல்ல நிலையிலுள்ள பவளப்பாறை அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைத் தடுத்துவிடுகிறது. சம்பளம் கேளாமல், பழுது பார்க்கும் செலவும் வைக்காமல், தன்னைத் தானே உயர்த்திக்கொள்ளும் கரை இது ஒன்றுதான்.

இதை உடைத்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள் அல்லர். பல பத்தாண்டுகளாகத் தூத்துக்குடிப் பக்கத்தில் பவளக்கல் பெயர்க்கப்பட்டுச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் சென்றது. நாம் பிறந்து வளர்ந்த வீட்டின் பின்சுவரிலும் அக்கல் இருந்தது; அதன் புள்ளிகளை விரலால் தடவிக்கொண்டு பாடம் படித்தோம். ஆதலால் பிறரைக் குற்றம் சொல்லும் தகுதி நமக்கில்லை. முன்பு கல்லெடுக்கச் சென்ற பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, “மீன் படாத நாளில் கல்தான் ஐயா கூலி. அடுப்பு எரிய வேண்டுமே” என்றார். அவருக்கு விடையளிக்க நமக்கு இயலவில்லை.

1986-இல் இக்கடற்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 2001-இல் பவளத்துக்கு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் தரப்பட்டது. எனினும் 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகுதான் கல்லெடுப்பு ஏறக்குறைய அடியோடு நின்றது. அன்று பார்தான் நம்மைக் காத்தது என்று சொல்வார் பலர். அது முழு உண்மையாகாது. இலங்கைத் தீவு குறுக்கே நின்றதும் பெரிய காரணம். ஆனால் அந்த நம்பிக்கையால் கடப்பாறைகள் கீழே வைக்கப்பட்டன என்றால், அதுவும் நன்மையே.

இழந்தது சிறிதன்று. 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீரில் மூழ்கிவிட்டன. காரியாசல்லித் தீவு 1969-இல் ஏறக்குறைய 21 ஹெக்டேர். 2018-இல் அது 6 ஹெக்டேருக்கும் குறைவு. தீவு கரைந்தால் அடுத்தபடியாக அலை தேடிவருவது நமது ஊரைத்தான்.

கல்லெடுப்பு நின்றது, சூடு வந்தது. பவள உயிரின் உடலுக்குள் நுண்பாசி குடியிருந்து அதற்கு உணவளிக்கிறது. கோடையில் கடல்நீரின் வெப்பம் அளவுமீறி, அது பல வாரங்கள் நீடித்தால் நுண்பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். சூடு தணியாவிட்டால் மாண்டுபோகும். 2010-இலும் 2016-இலும் இவ்வளைகுடாவில் அவ்வாறு நேர்ந்தது. 2016-இன் வெளுப்பில் மட்டும், உயிருள்ள பவளத்தின் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. பூமி வெப்பமடைவதன் விளைவு இது. புகை எங்கோ எழுகிறது. வெந்துபோவது நம் கடல்.

மீண்டும் வளர்க்க முடியுமா என்றால், ஓரளவு முடியும். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல் இவ்வேலையைச் செய்து வருகின்றனர். விவசாயிகளுக்கு இது எளிதில் விளங்கும். திடமான தாய்ப் பவளத்திலிருந்து சிறு துண்டுகளை எடுத்து, சிமெண்டுப் பலகையில் கட்டி, கடலடியில் வைத்த சட்டத்தின்மேல் பொருத்துகிறார்கள். கரும்புக் கரணை நடுவதைப் போன்றதே இது. நிலம் பார்த்து நட வேண்டும். பழைய உடைசல்கள் உருண்டுகொண்டிருக்கும் இடத்தில் இளம்பவளம் அடிபட்டுச் சாகும். பருவம் பார்த்து நட வேண்டும். கோடை வெப்பத்தில் நட்டால் முதலுக்கே நஷ்டம். பாசியும் சேறும் படியாமல் களை எடுப்பதுபோல் துடைத்துவர வேண்டும். தேசியப் பூங்காவுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி எவரும் இதில் இறங்கலாகாது என்பதையும் சொல்லிவைக்கிறோம். ஆர்வத்தால் செய்தாலும் சட்டத்தில் குற்றம் குற்றமே.

கரைந்துகொண்டிருந்த வான்தீவைக் காக்க வேறொரு முறையும் கையாளப்பட்டது. அரசு, மேற்சொன்ன நிலையம், சென்னை ஐ.ஐ.டி. ஆகியவற்றின் கூட்டு முயற்சியில் 2015 முதல் துளைகளுள்ள சிமெண்டுக் கூடுகள் 10,000-க்கும் மேல் வார்த்து, தீவின் கடற்பக்கத்தில் இறக்கப்பட்டன. அலை அவற்றில் உடைய, உள்ளே மணல் தங்கிற்று. தீவின் தேய்வு மட்டுப்பட்டது. மீன்களும் கூடுகளில் குடியேறின. இளம்பவளங்களும் தாமாகவே அவற்றில் ஒட்டி வளரலாயின. காரியாசல்லிக்கும் இத்தகைய திட்டம் வகுக்கப்பட்டுள்ளது.

அப்படியானால் எல்லா ஊருக்கும் கூடுகளை இறக்கிவிடலாமே என்று கேட்பீர்கள். செலவு ஒருபுறம் இருக்கட்டும். நட்ட பவளத்தையும் நஞ்சு விடாது. ஊர்ச் சாக்கடை நேராகக் கடலில் விழுமானால், இழுவை வலை பாரின்மேல் உரசுமானால், நங்கூரத்தைப் பவளத்தின்மேல் எறிவோமானால், நடவு வீண். கடலிலிருந்து பத்து மைல் தள்ளியிருக்கும் விவசாயிக்கும் இதில் பங்குண்டு. வயலில் மிதமிஞ்சி இட்ட யூரியா மழையோடு ஓடி வைப்பாற்றிலும் தாமிரபரணியிலும் இறங்கிக் கடலுக்கு வருகிறது. அந்த உரம் பவளத்தின்மேல் பாசியைத்தான் வளர்க்கிறது. சூட்டைத் தடுப்பது ஒரு பஞ்சாயத்தின் சக்திக்கு அப்பாற்பட்டது. சாக்கடையைத் தடுப்பது அப்பாற்பட்டதன்று. பிற நோய் இல்லாத உடம்பு காய்ச்சலைத் தாங்குவதுபோல, அழுக்கும் அடியும் படாத பவளமே வெளுப்பிலிருந்து மீளும் வாய்ப்பு அதிகம்.

கடற்பாசி வளர்க்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுப் பாசி உங்களில் பலருக்குச் சோறு போடுகிறது. அதே பாசி குருசடைத் தீவில் பவளத்தைப் போர்வைபோல் மூடியது 2008-இல் தெரியவந்தது. தொழிலை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கல்லெடுத்த பெரியவரின் சொல் காதில் நிற்கிறது. மிதவையிலிருந்து பாசி அறுந்து போனால் அன்றே வனத்துறைக்குச் சொல்லுங்கள். தீவுகளின் பக்கம் மிதவையைக் கொண்டுபோகாதீர்கள்.

தூண்டில் வளைவைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். கரையோரமாக மணல் ஓடிக்கொண்டேயிருக்கிறது. ஓர் ஊரில் கல்லடுக்கி அதைத் தடுத்தால், அடுத்த ஊருக்கு மணல் வராது. மேல்மடையை அடைத்தால் கடைமடை காய்வதை அறியாதவரா நீங்கள்? சில இடங்களில் வேறு வழியின்றி அதைக் கட்டத்தான் வேண்டும். அண்டை ஊரையும் கலந்து பேசிய பிறகே கேளுங்கள்.

வருகிற கிராம சபையில் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம். உங்கள் ஊரின் கழிவுநீரும் குப்பையும் எத்தனை இடங்களில் கடலைத் தொடுகின்றன என்று எண்ணி, ஒரு தாளில் படம் வரைந்து தீர்மானத்தோடு அனுப்புங்கள். உறிஞ்சுகுழிக்கும் வடிகாலுக்கும் எந்தத் திட்டத்தில் பணம் கிடைக்கும் என்பதைப் பார்ப்பது எங்கள் பொறுப்பு. தூண்டில் வளைவு மனுக்களை நாம் திருப்பி அனுப்பவில்லை. அவை மேலிடத்துக்குச் சென்றிருக்கின்றன. பதில் வந்ததும் அந்தந்த ஊருக்கு நேரில் வந்து தெரிவிப்போம்.