கடலுக்குத் தீக்குறி தெரியாது

  

அரசலாறு கடலிற் கலக்கும் காரைக்கால் கரையில், மண்டபத்தூர், காளிக்குப்பம், கோட்டுச்சேரிமேடு, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி என மீனவர் ஊர்கள் வரிசையாக நிற்கின்றன. கச்சானையும் கொண்டலையும் உடல்மேல் பட்ட அளவில் பிரித்தறியும் மக்கள் இவர்கள். நீரின் நிறங்கண்டு மீன் நடமாட்டம் சொல்லுவர். இவர்தம் முன்னோர் மிதக்கவிட்ட கட்டுமரத்தின் பெயரை ஆங்கிலரும் தம் மொழிக்குள் எடுத்துக்கொண்டனர்.

இத்துணை அறிவு வாய்ந்தவர், வலையைத் தோளிலிட்டு இறங்கும்போது எதிரே ஒரு கைம்பெண் வந்துவிட்டால் முகஞ்சுளிப்பதேன்? பூனை குறுக்கிட்டால் தயங்குவதேன்? பெண் தாண்டிய வலையில் மீன் படாது என்பதேன்? நான்கு நாள் மீன்பாடு இல்லையென்றால் படகுக்குக் கண்ணேறு பட்டதென எலுமிச்சை கட்டுவதேன்?

இதனை அறியாமை என்று இகழ்ந்துவிட்டுப் போவது எளிது. ஆனால் கரணியம் அதனினும் ஆழமானது. போலந்தில் பிறந்த மாந்தவியலறிஞர் மாலினோவுசுக்கி, திரோபிரியாண்டுத் தீவுகளில் கண்டதை 1925-இல் எழுதினார். கரையை அடுத்த அமைதியான காயலில் மீன்பிடிக்க அத்தீவினர் மந்திரம் எதனையும் நாடவில்லை. இடரும் ஐயமும் நிறைந்த திறந்த கடலுக்குச் செல்லும்போதோ மந்திரச் சடங்குகள் பெருகின. அறிவு எட்டாத இடத்தில் அச்சம் குடிபுகுகிறது என்பதே இதன் பொருள். நிலத்தில் உழுபவன் மாலையில் வீடு திரும்புவது உறுதி. கடலில் உழைப்பவனுக்கு அவ்வுறுதி இல்லை. குறி பார்ப்பது அந்த அச்சத்தின் பிள்ளை.

இப்பிணி தமிழர்க்கு மட்டும் உரியதன்று. காரைக்காலை 1739 முதல் 1954 வரை, இடையில் ஆங்கிலர் கைப்பற்றிய ஆண்டுகள் நீங்கலாக, ஆண்டவர் பிரெஞ்சியர். அவர்தம் மாலுமிகள் கப்பலில் முயலின் பெயரைச் சொல்லவும் அஞ்சினர். அமெரிக்கத் தூண்டிற்காரர் பலர் வாழைப்பழத்தைப் படகில் ஏற்றவிடமாட்டார். தமிழரோ வாழையை மணப்பந்தலின் வாயிலில் நிறுத்துகின்றனர்! ஒருவர்க்குத் தீக்குறியானது மற்றொருவர்க்கு மங்கலமானால், நன்மையும் தீமையும் அப்பொருளில் இல்லை. காண்பவன் நெஞ்சில்தான் உள்ளன.

சகுனம் என்பது வடசொல். ஆகவே குறி பார்க்கும் வழக்கமும் வடக்கிலிருந்தே வந்தது என்று சிலர் கூறுவர். உண்மையை மறைப்பது தமிழ்த்தொண்டு ஆகாது. புள் பார்த்தலும் விரிச்சி கேட்டலும் பழந்தமிழரிடம் இருந்தவையே. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். முல்லைப்பாட்டில், போர்மேற் சென்றவன் நலத்துக்காக ஊர்ப்புறஞ் சென்று நற்சொல் கேட்டு வருபவர் யார்? முதுபெண்டிர்! அன்று நற்சொல் கொணர்ந்த பெண்ணை இன்று தீக்குறி ஆக்கியது எவ்வகை முன்னேற்றம்?

காரைக்கால் என்னும் பெயரைத் தமிழுலகெங்கும் பரப்பியதும் ஒரு பெண்ணே. புனிதவதியைக் கண்டு அஞ்சி, கலமேறி அகன்று, வேற்றூரில் குடியமர்ந்தான் கணவன் என்பது பெரியபுராணக் கதை. அஞ்சியவனுக்கு விழா இல்லை. காரைக்கால் அம்மையார்க்கே ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழா நடைபெறுகிறது. அவ்வூரின் கடற்கரையில் பெண் எதிர்ப்படுவது இழிவாகுமா?

கடல் கணவனை விழுங்கிவிட்டது. அவள் மீன்கூடையைத் தலையிலேற்றித் தெருத்தெருவாய் நடந்து பிள்ளைகளை வளர்க்கிறாள். ஆண்கள் கொண்டுவரும் மீனைக் காசாக்குவது அவள் கை. விற்கும்போது ஆகூழாக இருப்பவள் எதிரே வரும்போது மட்டும் போகூழாவது எப்படி? இறந்தவன் பழியையும் அவள் தலைமேல் ஏற்றுவது இரண்டாம் முறை அவளைக் கைம்பெண் ஆக்குவதாகும்.

26-12-2004 ஞாயிறன்று எழுந்த ஆழிப்பேரலை காரைக்கால் கரையில் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. ஆழ்கடலில் அவ்வலை உயரங்குறைந்து, படகில் இருப்போர் உணராவண்ணம் விரைந்து கடக்கும். ஆழங்குறைந்த கரையை நெருங்கும்போதே ஓங்கி எழும். இக்கடற்கரை நெடுகிலும் வீட்டிலும் கரையிலும் இருந்த பெண்டிரும் குழந்தைகளும் மிகுதியாக மாண்டனர். எந்தப் பூனையும் அன்று குறி சொல்லவில்லை. எந்த எலுமிச்சையும் காக்கவில்லை.

பின்னர், 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னறிவிப்பு நடுவம் அமைந்தது. காரைக்கால் துறைமுகத்தில் ஏறும் புயற்கூண்டும் வானொலி எச்சரிக்கையும் மெய்யான குறிகள். எதிரே வந்த பெண்ணுக்காக அமைதியான நாளில் திரும்புகிறவன், கூண்டு ஏறிய நாளில் துணிந்து செல்வானாயின் அவன் குடும்பத்தை யார் காப்பது?

அச்சம் இயல்பு, அதனைப் பழிக்க வேண்டா. அச்சத்தின் சுமையை எளியவள் தலையில் இறக்குவதை மட்டும் விடுக! முன்னோரின் காற்றறிவையும் நீரறிவையும் இளையோர்க்குச் சொல்லிக்கொடுங்கள். கூண்டைப் பாருங்கள், படகின் பழுதைப் பாருங்கள், உயிர்காப்பு மிதவையை அணிந்து செல்லுங்கள். விடியலில் எதிரே கைம்பெண் வந்தால் ஒதுங்காதீர். "அக்கா, சென்று வருகிறோம்" என்று சொல்லிச் செல்லுங்கள். "நன்றாய்ப் போய் வாருங்கள்" என்று அவள் வாழ்த்துவாள். கடலின் கொடுமையை அறிந்தவள் தரும் அவ்வாழ்த்தே உண்மையான நற்சொல்.