வடிதலும் தாங்கலும்



மழைநீர் வடிகாலைப் பற்றிப் பேச மொழியியலாளன் எதற்கு என்று நீங்கள் எண்ணக்கூடும். ஒரு பிழையை ஒப்புக்கொள்ளவே வந்திருக்கிறேன். 'லோங்காங்' என்னும் மலாய்ச் சொல்லை அன்றாடம் வழங்கும் நம் பிள்ளைகளுக்கு 'வடிகால்' என்ற சொல்லைக் கற்பித்தபோது, 'சாக்கடை' என்று நானே பொருள் கூறியிருக்கிறேன்.

சிங்கப்பூரில் அது தவறான பொருள். இங்கே கழிவுநீர் தனிக் குழாய்களில் செல்கிறது. வடிகாலில் ஓடுவது மழைநீர். தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கு விழும் மழை வடிகால்கள் வழியே நீர்த்தேக்கங்களை அடைந்து, சுத்திகரிக்கப்பட்டு நம் குடிநீராகிறது. சாக்கடை என்று கற்ற குழந்தை அதில் குப்பையை எறியத் தயங்குமா?

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். 'கால்' என்பது நீர் செல்லும் வழி. வாய்க்கால், மறுகால் என்பவற்றிலும் அதுவே உள்ளது. வெள்ளம் வடிகிறது என்னும்போது, 'வடி' என்பது தேங்கிய நீர் படிப்படியாக இறங்குவதைக் குறிக்கிறது. சோறு வடிக்கிறோம், தேநீரை வடிகட்டுகிறோம் என்னும்போது, பிரித்தெடுப்பதைக் குறிக்கிறது. நீரை விரட்டியடித்தல் என்னும் பொருளை நான் அதில் காணவில்லை.

ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெறும் இந்நாட்டிற்குக் கான்கிரீட் கால்வாய்கள் தேவைப்பட்டன. அவை வெள்ளத்தைக் குறைத்தன. ஆயினும் மண் மூடப்பட்ட நகரில் பெருமழை முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கால்வாயை வந்தடைகிறது. 2010 ஜூன் மாதம் ஆர்ச்சர்ட் சாலையில் வெள்ளம் புகுந்ததை ஆசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கால்வாய்களை மேன்மேலும் அகலப்படுத்த நிலத்திற்கு எங்கே போவது?

மாற்றுவழியைப் பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் காணலாம். அங்கே காலாங் ஆற்றின் 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள நேரான கான்கிரீட் கால்வாய், 2012இல் 3.2 கிலோமீட்டர் நெளிந்தோடும் ஆறாயிற்று. செடிகளின் வேர்களும் பாறைகளும் கரையைப் பிடித்து நிற்கின்றன. மழை மிகும்போது பூங்காவின் தாழ்நிலம் ஆற்றுக்கு இடங்கொடுக்கிறது. மழை ஓய்ந்தபின் நீர் வடிகிறது.

மழைத்தோட்டங்கள் இதனையே சிறிய அளவில் செய்கின்றன. செடிகள் வளர்ந்த மணற்பாங்கான படுகையில் நீர் இறங்குகிறது. அழுக்கு மேலே தங்க, தெளிந்த நீர் அடிக்குழாய் வழியே வெளியேறுகிறது. 2014 முதல், 0.2 ஹெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட நிலத்தில் எழும் புதிய கட்டுமானங்கள், மழைநீர் வெளியேறும் வேகத்தைத் தம் வளாகத்திலேயே குறைத்தாக வேண்டும்.

இக்கருத்து தமிழுக்குப் புதிதன்று. தாங்கு, ஏந்து என்னும் வினைகளிலிருந்து பிறந்த தாங்கல், ஏந்தல் ஆகிய சொற்கள் சிறு ஏரிகளைக் குறிப்பவை. சென்னையின் பழவந்தாங்கல் இன்று வீடுகள் நெருங்கிய நகர்ப்பகுதி. தாங்கல் என்ற சொல் மட்டும் பெயரில் நிற்கிறது. பொருள் மறந்தால் நிலத்தின் இயல்பும் மறந்துபோகும்.

ஆசிரியர்களே, நாளை வகுப்பில் வடிகாலுக்குப் பொருள் எழுதும்போது 'மழைநீரை மெல்ல இறக்கும் வழி' என்று எழுதுங்கள். பிறகு மாணவர்களை ஒருமுறை காலாங் ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். நான் விட்ட பிழை உங்களோடு திருந்தட்டும்.