பொற்பணியும் இணையவழிக் கல்வியும்

(சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், நமது குலத்தொழிலாகிய பொற்பணியை, நேரிற் காணாத ஆசிரியர்களிடமிருந்து இணையத்தின் வாயிலாகக் கற்றுக்கொள்ளுதல் தகுமா, தகுமாயின் எவ்வாறு கற்றல் வேண்டும் என்பதாம். "பத்து வருஷம் உமியோட்டின் முன் உட்கார்ந்து ஊதினாலன்றி வாராத வித்தையைக் கையகலக் கண்ணாடியிற் பார்த்துக் கற்பதாவது!" என்று பெரியோர் சிலர் நகைக்கக்கூடும். அந்நகைப்பில் உண்மையும் உண்டு. அதனைப் பின்னர் எடுத்துக்கொள்வோம். முதலில், இக்கேள்வி நம்மிடையே எழவேண்டிய அவசியம் யாது என்பதை ஆராய்தல் வேண்டும்.

நம் முன்னோர் காலத்தில் பட்டறையே பள்ளிக்கூடம், தகப்பனாரே ஆசிரியர். பையன் முதலில் பட்டறையைப் பெருக்கித் தூசியைச் சேர்த்துவைப்பான். அத்தூசியிலும் பொன் உண்டன்றோ! பிறகு வெண்காரம் உரைப்பான். கம்பியச்சில் வெள்ளிக் கம்பி இழுப்பான். இவ்வாறு சில வருஷங்கள் கழிந்த பின்னரே பொன் அவன் கைக்கு வரும். ஐயா வாய்திறந்து விளக்கம் சொல்லமாட்டார். "பார்" என்பார், தவறினால் சுத்தியற்காம்பு பேசும். இம்முறையில் கை தேர்ந்தது, கண் தேர்ந்தது. ஆனால் கண்டு கற்றதைச் சொல்லால் எடுத்துரைக்கும் வழக்கம் மட்டும் நமக்கு ஏற்படவே இல்லை. ஆகையால், கற்பிப்போன் ஒருவன் நடுவில் அற்றுப்போனால், அவனோடு வித்தையும் அற்றுப்போகும் நிலைமையில் நாம் இருந்துவந்தோம்.

அவ்வாறு அறுபடும் காலமும் வந்தது. 1963ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வெளியாயின. 14 காரட்டுக்கு மேற்பட்ட மாற்றில் புதிய நகை செய்யலாகாது என்றனர். 22 காரட்டிலேயே கைபழகிய நமது தொழிலாளிகள் திகைத்துப்போயினர். வேலையிழந்தோர் அநேகர், துயரம் தாங்காது உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. அந்த 14 காரட் வரம்பு சில வருஷங்களில் நீக்கப்பட்டதாயினும், கட்டுப்பாடு 1968இல் தனிச் சட்டமாகி, 1990இல்தான் அடியோடு ஒழிந்தது. அந்த 27 வருஷங்களில் நம் குடும்பங்களில் நடந்தது யாது? "இத்தொழில் என்னோடு போகட்டும்" என்று சொல்லித் தகப்பன்மார் பிள்ளைகளைப் பள்ளிக்கும் உத்தியோகத்துக்கும் அனுப்பினர். அதில் குற்றம் சொல்வார் யார்? பின்னர், வார்ப்பு நகையும் இயந்திரச் சங்கிலியும் பெருங்கடைகளும் பெருகின. எஞ்சிய பட்டறைகளும் பழுது பார்க்கும் இடங்களாகச் சுருங்கின. கைதேர்ந்த பெரியவர் ஒருவர் காலஞ்சென்றபின், அவருடைய கம்பியச்சும் அச்சுக்கட்டைகளும் பழைய இரும்பாக எடைக்குப் போடப்பட்டதை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். ஆகவே, "அப்பனிடம் கற்றுக்கொள்" என்று இன்று ஓர் இளைஞனுக்குச் சொல்வது எளிது. அவன் அப்பனே கற்கவில்லையே, யாது செய்வது?

இந்நிலையில்தான் இணையம் வந்து குறுக்கிட்டிருக்கின்றது. 1996ஆம் வருஷத்தில் சார்லஸ் லூட்டன்-பிரெயின், ஹனுமான் ஆஸ்ப்லர் என்னும் இருவர் கூடிக் கனோக்சின் என்ற வலைத்தளத்தை ஆரம்பித்து, பொற்பணி நுணுக்கங்களை எவரும் விலையின்றிப் படிக்குமாறு வெளியிட்டனர். 2005இல் யூடியூப் தோன்றிய பிறகு எழுத்தோடு காட்சியும் சேர்ந்தது. இன்று, அந்நிய தேசங்களில் பட்டறை வைத்துப் பிழைக்கும் கலைஞர்கள், தாம் செய்யும் வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை காட்டி, ஒவ்வொரு செய்கையின் காரணத்தையும் வாயாற் சொல்லி விளக்குகின்றனர். மேற்கூறிய லூட்டன்-பிரெயின் என்பவர் கானடா தேசத்தில் வசிப்பவர். உலோகத் தகட்டை மடித்து, மடிப்பின் ஓரத்தைச் சுத்தியலால் தட்டி, காய்ச்சி இளக்கி, மீண்டும் விரித்தால், இலைபோலவும் கொம்புபோலவும் வளைந்த வடிவங்கள் எழுகின்றன என்பதை அவர் 1980களில் கண்டறிந்தார். அதற்குத் தேவையானவை சுத்தியல், பட்டடை, நெருப்பு ஆகிய மூன்றே. அதனை அவர் தமக்கென்று ஒளித்துவைத்துக்கொள்ளவில்லை. எழுதினார், கற்பித்தார்; பல தேசத்தார் இன்று அம்முறையில் வேலை செய்கின்றனர்.

"தொழில் இரகசியத்தை ஊரெல்லாம் காட்டினால் நம் பிழைப்பு என்னாவது?" என்ற ஆட்சேபம் இங்கே எழும். அதற்கு விடையாக இத்தாலி தேசத்துச் செய்தி ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம்.

சுமார் 2600 வருஷங்களுக்கு முன் அத்தேசத்தில் வாழ்ந்த எட்ருஸ்கர் என்போர், கடுகினும் மிகச் சிறிய பொன்மணிகளைத் தகட்டின்மேல் வரிசையாக ஒட்டி நகை செய்தனர். மணிக்கும் தகட்டுக்கும் நடுவே பற்றாசு, அதாவது பட்டறையில் நாம் 'பொடி' என்கிறோமே அது, வழிந்த அடையாளமே இராது. அந்த வித்தை ஐரோப்பாவில் நாளடைவில் மறைந்தது. 1836இல் செர்வெத்தெரி என்னுமிடத்தில் ஒரு பழங்கல்லறையைத் திறந்தபோது அத்தகைய பொன்னணிகள் வெளிப்பட்டன. ரோமாபுரியில் பெயர்பெற்ற பொற்கொல்லராகிய காஸ்தெல்லானி குடும்பத்தார் அவற்றைப் போலச் செய்ய வருஷக்கணக்கில் முயன்றனர். நூல்களைப் புரட்டினர், இரசாயன சோதனைகள் செய்தனர், கைகூடவில்லை. கடைசியில், மலைநாட்டிலுள்ள சாந்த்-ஆஞ்சலோ-இன்-வாதோ என்ற சிற்றூரில், குடியானவப் பெண்களுக்கு நகை செய்யும் தொழிலாளிகளிடம் பழைய முறைகள் சில எஞ்சியிருக்கக் கண்டு, அவர்களிற் சிலரை ரோமாபுரிக்கு அழைத்துவந்து வேலை செய்வித்தனர். அப்போதும் பழைய நகையின் நுட்பம் முழுவதும் வாய்க்கவில்லை.

பின்னர் 1930களில், லிட்டில்டேல் என்னும் ஆங்கிலேயர் அதன் சூட்சுமம் இன்னதெனக் காட்டினார். செம்பு கலந்த உப்பைப் பசையோடு குழைத்து மணிகளை ஒட்டிச் சூடேற்றினால், உப்பு செம்புக் களிம்பாக மாறும். சுமார் 600 டிகிரியில் பசை கரியாகும். 850 டிகிரியளவில் அக்கரி களிம்பைத் தூய செம்பாக்கும். சுமார் 890 டிகிரியில் அச்செம்பு பொன்னோடு உருகிக் கூடி, மணியும் தகடும் தொடும் இடத்தில் மட்டும் பிணைத்துவிடும். பொன்னோ 1064 டிகிரியில்தான் உருகும். ஆகையால் மணி உருக்குலையாது. ஒரு சிட்டிகைச் செம்பும் சிறிது பசையும்! இவ்வளவே அந்த மகா இரகசியம். இதைச் சொல்லிவைக்க ஒருவரும் இன்மையால் எத்தனையோ தலைமுறைகள் இருட்டில் தடுமாறின. இன்றோ, இவ்வேலையைச் செய்துகாட்டும் கலைஞர்களை நம் பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே காணலாம். ஒளித்த வித்தையால் பிழைத்தவர் உண்டாயினும், ஒளித்ததனால் வித்தையே பிழைத்திருந்தது என்பதற்கு நாம் உதாரணம் கண்டதில்லை.

இனி, காட்சியால் விளையும் நன்மையைப் பார்ப்போம். 'பொடிவைத்து ஊதுதல்' என்று உலகத்தார் நம்மை வைத்தே ஒரு வழக்கு உண்டாக்கிவிட்டனர். அந்த ஊதுதலில் என்ன நடக்கின்றதென்பதைப் பட்டறையில் ஆசான் தோளுக்குப் பின்னால் நின்ற பையன் எவ்வளவு கண்டிருப்பான்? படத்திலோ, வெண்காரம் முதலிற் பொரிந்து எழும்புவதும், பின் அடங்கிக் கண்ணாடிபோலத் தெளிவதும், அடுத்த கணத்தில் பொடி பளிச்சென்று மின்னி இடுக்கில் ஓடுவதும், உள்ளங்கையளவு பெருகித் தெரிகின்றன. விரும்பிய இடத்தில் நிறுத்தலாம், இருபது முறை திரும்பப் பார்க்கலாம், சுத்தியற்காம்புக்கு அஞ்சவேண்டியதில்லை. பொடியானது சூடு மிகுந்த பக்கம் நோக்கி ஓடும், ஆதலால் பெரிய துண்டை முதலிற் காய்ச்சவேண்டும் என்னும் காரணத்தையும் உடன் கேட்கலாம்.

உயிரைக் காக்கும் அறிவும் இவ்வழியில் கிடைக்கின்றது. கே.டி.எம். என்று வழங்கும் காட்மியப் பற்றாசு நம் பட்டறைகளில் நெடுங்காலம் புழங்கிற்று. காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும் பொருள். நாம் பற்றவைக்கும் சூட்டில் அது புகையாக எழும்பி, ஊதுபவன் மூச்சிற் புகுந்து, நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். "அவருக்கு நெஞ்சு நோவு" என்று நாம் சொல்லிவந்ததில் எத்தனை பங்கு இப்புகையின் பங்கோ! வெளிநாட்டுக் கலைஞர்கள் பாடத்தின் தொடக்கத்திலேயே காட்மியம் விலக்குக, புகைபோக்கி வைக்க, கண்ணுக்குக் கண்ணாடி அணிக என்கின்றனர். காட்மியம் சேராத பொடி இன்று கடையிற் கிடைக்கும்போது, விலையைப் பார்த்துப் பழையதை வாங்குவோர் இனியேனும் யோசித்தல் வேண்டும்.

இனி, நகைத்த பெரியோரின் பக்கத்து உண்மைக்கு வருவோம். திரை காட்டாதவையும் உண்டு. சில சமயம் தவறாகவும் காட்டும். பொன்னைக் காய்ச்சி இளக்குகையில், மங்கிய வெளிச்சத்தில் அது மெல்லச் சிவப்பதைக் கண்ணறிந்து எடுக்கவேண்டும். படக்கருவியோ இருளில் தானே ஒளியைக் கூட்டிக்கொள்ளுமாதலால், மங்கற் சிவப்பைக் கனற் சிவப்பாகக் காட்டிவிடும். அதை நம்பியவன் வேலை உருகிப்போம். தகடு இறுகிவிட்டதென்பதைத் தேர்ந்த பத்தர் சுத்தியலின் ஓசையாலேயே அறிவார்; அவ்வோசை ஒலிபெருக்கியில் வாராது. அரத்தை எவ்வளவு அழுத்துவது என்பதைக் காட்சி எப்படிச் சொல்லும்? மேலும், அயல்நாட்டார் பெரும்பாலும் 92.5 பங்கு வெள்ளியிலும், 58.5 பங்கே பொன்னுள்ள 14 காரட்டிலும் வேலை செய்து காட்டுகின்றனர். நாம் செய்வதோ 91.6 பங்கு. இதன் மென்மை வேறு, உருகும் சூடு வேறு, ஏற்ற பொடி வேறு. இந்தக் கணக்கைத் தெரியாமல் அவர் செய்ததை அப்படியே செய்தால் கைப்பொருள் நஷ்டமாகும்.

ஆகையால் நாம் சொல்வது இதுவே: திரைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்காரவேண்டும். பிள்ளை காட்சியைப் பார்க்கட்டும். செம்புத் தகட்டிற் செய்து பழகட்டும். பெரியவர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, "இங்கே சூடு போதவில்லை" என்று ஒரு சொல் சொல்லட்டும். அந்த ஒரு சொல் பத்துக் காட்சிக்கு ஈடாகும். அருகில் அத்தகையவர் இல்லாத ஊரினர், நேரலையில் மாணாக்கர் வேலையைப் பார்த்துத் திருத்தும் கலைஞர்களிடம் சேரலாம். ஆசிரியரைத் தேர்வதிலும் விவேகம் வேண்டும். இன்ன மாற்று, இன்ன பொடி என்று சொல்பவரையும், தம் வேலை கெட்ட இடத்தையும் மறைக்காமற் காட்டுபவரையும் நம்பலாம். மேளதாளத்தோடு ஐந்து நிமிஷத்தில் ஆரம் முடிப்பவர் வேடிக்கைக்கு உரியவர். முறையைக் கற்பது வேறு. ஒருவர் தம் கற்பனையால் அமைத்த வடிவத்தை அப்படியே செய்து விற்பது வேறு. பின்னது திருட்டென்றே நாம் கருதுகிறோம்.

நம் பெண்மக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுப் பெண்கள் பட்டறைக்கு வேண்டிய உதவியெல்லாம் செய்திருப்பினும், ஊதுகுழலும் உளியும் பெரும்பாலும் அவர்கள் கைக்குக் கொடுக்கப்பட்டதில்லை. இணையத்தில் கற்பிக்கும் கலைஞர்களிற் பெண்கள் பலர் என்பதைப் பெற்றோர் கவனிக்கவேண்டும். மகளொருத்தி கற்க விரும்பினால், "உனக்கெதற்கு?" என்று கேட்பதற்கு முன், மகன் விரும்பவில்லை என்பதையும் நினைத்துக்கொள்வது நலம்.

கடைசியாக ஒன்று. நாம் பிறரிடம் கற்பதோடு நில்லாமல், நம்மிடம் உள்ளதைத் தமிழில் எடுத்துவைக்கவும் வேண்டும். நாகர்கோவில் வடசேரியார் செய்யும் கோயில் நகை புவிசார் குறியீடு பெற்றிருக்கின்றது; ஆயினும், அவ்வேலையின் ஒவ்வொரு படியையும் தமிழிற் சொல்லித்தரும் காட்சிகள் ஆங்கிலப் பாடங்களுக்கு முன் மிகச் சொற்பமே. அரக்கு நிரப்பிக் குமிழ் எழுப்புதல், குந்தன் பதித்தல், உரைகல்லில் மாற்று அறிதல், ஊருக்கு ஊர் வேறுபடும் திருமாங்கல்ய விதங்கள் ஆகிய இவற்றையெல்லாம் யார் சொல்வார்?

சங்கக் கட்டிடத்து மேல்மாடி அறையை இதற்கென ஒதுக்கலாமென்று நாம் நிர்வாக சபையாரைக் கேட்டுக்கொள்கிறோம். மாதந்தோறும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரியவர் ஒரு வேலையைச் செய்துகாட்டலாம். முதல் மாதம் கம்பி இழுத்தலில் தொடங்கலாம். படம் பிடிக்கக் கைப்பேசிகள் நம் பிள்ளைகளிடம் இருக்கின்றன. பட்டடையும் விளக்கும் சங்கம் வாங்கிவைக்கும். பெரியோர்கள் தத்தம் சாமணத்தையும் ஊதுகுழலையும் எடுத்துக்கொண்டு வந்தாற் போதும். விருப்பமுடையோர் இன்றே காரியதரிசியிடம் பெயரைப் பதிவுசெய்யும்படி வேண்டிக்கொள்கிறோம்.