ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி



2004 டிசம்பர் 26. புதுச்சேரிக் கடலோரத்தில் நல்லவாடு என்ற மீனவர் ஊர். அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். சுனாமிச் செய்தி தெரிந்ததும் வீட்டுக்குப் போன் செய்தார்.

ஊரில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம் இருந்தது. அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அன்று அதிலேயே எச்சரித்தார்கள். எல்லோரும் ஓடினார்கள். வீடுகள் இடிந்தன. படகுகள் போயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள்.

2007இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. இரவும் பகலும் கடலைக் கவனிக்கிறார்கள். ஆனால் செய்தி கடைசி வீடு வரை போக வேண்டாமா?

நம் மோதி பாக்கில் கடல் இல்லை. கடலோரத்தில் சொந்தங்கள் உண்டே! இப்போது நமக்கு எழுதத் தெரியும். அவர்கள் போன் நம்பரை இன்றே நோட்டில் எழுதுவோம்.