எத்தனால்: யார் செலவில், யாருக்காக?



பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதற்கு 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2030ஐக் கெடுவாக வைத்தது. 2022இல் ஒன்றிய அரசு அந்தக் கெடுவை ஐந்தாண்டுகள் முன்னே இழுத்தது. 2025இல் இலக்கை எட்டிவிட்டதாகவும் அறிவித்தது. கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாடு மாற்று எரிபொருளைத் தேடுவது அவசியமே. ஆனால் அந்த எத்தனால் எதிலிருந்து வடிக்கப்படுகிறது?

கெட்டுப்போன தானியத்தைப் பயன்படுத்துவோம் என்றுதான் தொடக்கத்தில் சொன்னார்கள். மிகை தானியம் என்ற இன்னொரு கதவையும் அதே கொள்கை திறந்து வைத்திருந்தது. 2020 ஏப்ரலில், ஊரடங்கில் புலம்பெயர் தொழிலாளர்கள் பசியோடு சொந்த ஊர்களுக்கு நடந்துகொண்டிருந்த அதே மாதத்தில், இந்திய உணவுக் கழகத்தின் அரிசியை எத்தனாலாக்க அனுமதி தரப்பட்டது. 2023 ஜூனில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. அன்னபாக்யா திட்டத்துக்காக, கிலோவுக்கு 34 ரூபாய் விலை கொடுத்து அரிசி வாங்கக் கர்நாடக அரசு முன்வந்தது. மாநில அரசுகளுக்கு வெளிச்சந்தைத் திட்டத்தில் அரிசி விற்பதையே ஒன்றிய அரசு நிறுத்திவிட்டது. அந்த நாட்களில் வடிப்பாலைகளுக்கு அதே கழகத்தின் அரிசி கிலோ 20 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது! அடுத்த மாதம் அதுவும் நின்றது; 2025இல் கிலோ 22.50 ரூபாய்க்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது.

மக்காச்சோளத்தின் கதை சற்றுச் சிக்கலானது. வடிப்பாலைகளின் தேவையால் அதற்கு விலை கூடியது. பயிரிட்ட விவசாயிக்குப் பலன் கிடைத்ததை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024இல் அதை இறக்குமதி செய்தது. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கப் புறப்பட்டவர்கள் தானிய இறக்குமதியில் வந்து நின்றார்கள்.

தண்ணீரின் கணக்கு தனி. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க ஏறத்தாழ 2,860 லிட்டர் நீர் செலவாகிறது என்று 2021இல் நிதி ஆயோக்கின் அறிக்கையே எழுதியது. கலப்பு எரிபொருளின் ஆற்றல் குறைவு என்பதால் அதைச் சாதாரண பெட்ரோலைவிடக் குறைந்த விலைக்கு விற்க வேண்டும் என்றும் அதே அறிக்கை கூறியது. இலக்கை எடுத்துக்கொண்டவர்கள் விலைக்குறைப்பை விட்டுவிட்டார்கள்.

ஆலைகள் எழும் கிராமங்களின் குரலையும் கேட்க வேண்டும். பஞ்சாபின் ஜீராவில், நிலத்தடி நீரை ஆலை கெடுக்கிறது என்று குற்றம்சாட்டி மக்கள் 2022 ஜூலையில் முற்றுகையைத் தொடங்கினார்கள். வயலிலும் சாலையிலும் குளிரைத் தாங்கி அவர்கள் அமர்ந்திருந்தார்கள். ஆலையை மூட மாநில அரசு உத்தரவிட்டது 2023 ஜனவரியில்தான்.

இத்தனையும் பெட்ரோலுக்காக. பேருந்தும் லாரியும் பெரும்பாலும் ஓடுவது டீசலில். நாட்டின் டீசல் நுகர்வு பெட்ரோலைப் போல் இரு மடங்குக்கும் மேல். அந்தப் பெரும்பகுதியை இந்தத் திட்டம் தொடவே இல்லை.

வேறு வழி உண்டு. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கும் நோக்கத்தோடு, பானிபட்டில் பொதுத்துறை ஆலை ஒன்று 2022 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. வைக்கோலை எரிப்பதற்காக விவசாயிக்கு அபராதம் விதிக்கும் அரசு, அந்த வைக்கோலுக்கு நியாயமான விலை கொடுத்து இத்தகைய ஆலைகளை வளர்க்கட்டும். மாநிலப் போக்குவரத்துக் கழகங்களுக்கு மின்சாரப் பேருந்து வாங்க நிதி தரட்டும். அவை தனியார் ஒப்பந்தத்தில் அல்ல, கழகங்களின் சொந்தப் பேருந்துகளாக, கழகத் தொழிலாளர்களின் கையில் ஓடட்டும். கிடங்கு அரிசியைப் பொறுத்தவரை, கேட்கும் மாநிலங்களுக்குக் கொடுத்து முடிக்கும்வரை ஒரு மூட்டைகூட வடிப்பாலைக்குப் போகக் கூடாது.